தில்லிக்கு அனுப்பலாமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1982இல் இங்கே பி.காம். முடித்தவன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வரவு செலவு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. "மேற்படிப்பு பற்றி மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது, "என் படிப்பே இந்தக் கட்டடத்தோடு முடிந்துபோச்சே, நான் என்னத்தைச் சொல்ல?" என்றேன். அவர் விடவில்லை. "உங்க மகள் விஷயத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி, போதும்" என்றார். மகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

என் மகளும் இந்தக் கல்லூரி மாணவிதான். 2013 முதல் 2016 வரை பி.ஏ. வரலாறு படித்தாள். மூன்றாம் ஆண்டில் அவளுடைய பேராசிரியை, "நீ தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பாரேன்" என்றிருக்கிறார். ரொமிலா தாப்பர், சர்வபள்ளி கோபால், பிபன் சந்திரா போன்றவர்கள் வளர்த்த வரலாற்றுத் துறை அது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ரூபாய்க் கணக்கு மட்டும்தான். எம்.ஏ. படிப்புக்கு ஒரு வருஷக் கல்விக் கட்டணம் 216 ரூபாய். விடுதியில் இருவர் தங்கும் அறைக்கு மாத வாடகை 10 ரூபாய், சாப்பாடு தனி. அந்தத் தாளைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள், "ஏங்க, இதுல ஒரு சைபர் விட்டுப் போயிருக்குமோ?"

சரி, விண்ணப்பம் போடட்டும் என்றிருந்தோம். அது 2016 பிப்ரவரி.

அந்த மாதம் என்ன நடந்தது என்று இங்கே வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பிப்ரவரி 9ஆம் தேதி அந்த வளாகத்தில் ஒரு கூட்டம். அதில் நாட்டுக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள் என்று புகார். 12ஆம் தேதி மாணவர் பேரவைத் தலைவர் கன்னையா குமார் தேசத் துரோகப் பிரிவில் கைது. நீதிமன்றத்துக்குக் கொண்டு போன இடத்தில் வழக்கறிஞர் உடையில் இருந்தவர்களே அடிதடியில் இறங்கினார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியைத் திறந்தால் அதே படம், அதே கூச்சல்.

எங்கள் தெருவில் விஷயம் பரவ ஒரு நாள் கூட ஆகவில்லை. பால் வாங்கப் போனால், "அண்ணாச்சி, பாப்பாவை அங்கேயா அனுப்பப் போறீக?" என்பார்கள். என் மைத்துனன் மதுரையிலிருந்து போன் போட்டான்: "அத்தான், நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கையில எந்தக் காலேஜுன்னு கேட்டா என்ன சொல்லுவீக?" எங்க ஆச்சி மட்டும்தான் வேறு கேள்வி கேட்டாள்: "அங்கன இட்லி கிடைக்குமா?"

இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதவர் ஒருவர் இருந்தார். எதிர்வீட்டுக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்துகிற ஆள் இல்லை. ஒருநாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "காஷ்மீர்ல என் பக்கத்துல நின்ன பையன் செத்ததை நான் பாத்திருக்கேன். அந்தக் கோஷத்தைக் கேட்டா எனக்கு உடம்பு எரியுது. உங்க பிள்ளை எனக்கும் பிள்ளை. அதான் சொல்லுதேன், வேண்டாம்" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவருடைய வலி நிஜம். இன்றைக்கும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மகள் மே மாதம் சென்னைக்குப் போய் நுழைவுத் தேர்வு எழுதினாள். அந்தக் காலத்தில் கட்டுரையாகத்தான் விடை எழுத வேண்டும். கிடைக்காது, பிரச்சினை தானாகத் தீரும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு எனக்கு. ஜூலையில் முடிவு வந்தது. கிடைத்துவிட்டது. அதே வாரம் நம் மாநிலத்துக்குள்ளேயே இன்னொரு பல்கலைக்கழகத்திலும் இடம் வந்தது. ஒரு ராத்திரி பஸ் பயணம்தான். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, அவளைத் தவிர.

நான் வங்கிக்காரன். ஒரு பழைய பேரேட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் போகலாம் என்பதற்கான காரணம், வலது பக்கம் வேண்டாம் என்பதற்கான காரணம். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தொலைக்காட்சி காட்டியது மட்டும்தான் தெரியும். அதிலும் சில காட்சிகள் திருத்தப்பட்டவை என்று தில்லி அரசு ஏற்பாடு செய்த ஆய்வு சொன்னது. வேறு சில காட்சிகள் உண்மையானவைதான் என்று இன்னொரு ஆய்வகம் சொன்னது. பிறகு நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

விசாரித்ததில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. அப்போது மத்திய அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.ஏ. படித்துவிட்டு, எம்.ஏ. படிக்கப் போனது இதே பல்கலைக்கழகத்துக்கு. வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜெய்சங்கர் அங்கே முனைவர் பட்டம் வாங்கியவர். மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரியும் அங்கே படித்தவர். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி, 1983இல் அங்கே மாணவராக இருந்தபோது ஒரு போராட்டத்தில் கைதாகித் திகார் சிறையில் பத்து நாள் இருந்ததாக அவரே எழுதியிருந்தார். அவர்தான் பின்னாளில், 2019இல், நோபல் பரிசு வாங்கினார். ஆக, அந்த வளாகம் ஒரே மாதிரி ஆளை உருவாக்குகிற அச்சு இல்லை. சண்டை அங்கே 2016இல் புதிதாக வந்ததும் இல்லை.

பேரேட்டை மகளிடம் காட்டினேன். வலது பக்கத்தைப் படித்தாள். "அப்பா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு என்ன ஆகும்னு பயப்படுதீங்களா, இல்ல ஊரு என்ன சொல்லும்னு பயப்படுதீங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. ராத்திரி பேனாவை எடுத்து, ஊருக்காக எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அடித்தேன். பதினொரு வரியில் ஏழு போய்விட்டது. மீதி நாலு: பெண் பிள்ளையின் பாதுகாப்பு, இந்தி தெரியாதது, வகுப்புகள் ஒழுங்காக நடக்குமா, ஏதாவது ஆனால் நாம் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். இந்த நாலும் நியாயமான பயம். ஆனால் நாலும் சமாளிக்கக்கூடிய பயம். போகட்டும் என்றேன்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் நானும் அவளும் கிளம்பினோம். புறப்படுகிற அன்று சுபேதார் வந்தார். கையில் கனமான ஒரு ராணுவக் கம்பளி. "தில்லி குளிர் உங்களுக்குத் தெரியாது" என்று கொடுத்தார். "மனசு மாறிட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்லை. கம்பளிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

அங்கே போய்ப் பார்த்தால் ஆரவல்லிப் பாறையும் முள்காடுமாக ஆயிரம் ஏக்கர் அளவில் ஓர் ஊர். விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். காவேரி இருக்கிறது, பெரியாறு இருக்கிறது. நம் ஊரில் தண்ணீர் வராத காவேரியைத் தில்லியில் பார்த்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். சேர்க்கை வரிசையில் புரட்சி பேசுகிறவர்கள் நிற்பார்கள் என்று நினைத்தேன். நின்றவர்கள் பீகார், ஒடிசா, மணிப்பூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வந்த, என்னைப் போலவே வியர்வை வழிந்த அப்பாக்கள். எல்லோருக்கும் ஒரே கவலை: விடுதியில் இடம் கிடைக்குமா?

இதோடு முடித்தால் கதை சுபமாக இருக்கும். ஆனால் நான் கணக்குக்காரன். செலவுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அவள் சேர்ந்த மூன்றே மாதத்தில், 2016 அக்டோபரில், அங்கே விடுதியிலிருந்து ஒரு முதலாண்டு மாணவர் காணாமல் போனார். முந்தின ராத்திரி அவரோடு சிலர் தகராறு செய்திருந்தார்கள். அந்தப் பிள்ளை இன்றுவரை கிடைக்கவில்லை. சி.பி.ஐ. விசாரித்தும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் என் மனைவி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மகளுக்குப் போன் போடுவாள். "கிளம்பி வந்திரும்மா" என்று நானே ஒருநாள் சொன்னேன். அவள் சொன்னது: "அவங்க அம்மா இங்க வந்திருக்காங்கப்பா. எல்லாரும் போயி கூட உக்காந்தோம். இப்ப எப்படி வர?" நான் போனை வைத்துவிட்டேன். அனுப்பியது தப்போ என்று நான் நினைத்த ராத்திரி அதுதான். அந்த நினைப்பு முழுதாகப் போய்விட்டது என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு செலவு நாங்கள் எதிர்பாராதது. எம்.ஏ. முடித்து அங்கேயே எம்.ஃபில். செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. 2017இல் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை ஆராய்ச்சி மாணவர் என்று வரம்பு விதித்து, எம்.ஃபில்., பிஎச்.டி. இடங்களைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். 2018இல் அவளுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பாருங்கள், நான் பயந்தது கோஷத்துக்கு. அடி விழுந்தது இடங்களின் எண்ணிக்கையில். தொலைக்காட்சியில் ஒருநாள் கூட அதைப் பற்றிக் கூச்சல் இல்லை.

வரவுப் பக்கம்? "புத்தகத்தில் போட்டிருப்பதால் சரி" என்று சொல்லாமல், மூல ஆவணம் எங்கே என்று கேட்கிற பழக்கம் வந்தது. அறைத்தோழி எதிர்க்கட்சி மாணவர் அமைப்பில் இருந்தவள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சண்டை போடுவார்களாம், காலையில் ஒன்றாக டீ குடிப்பார்களாம். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து ஆச்சி கையால் இட்லி சாப்பிட்டுப் போயிருக்கிறாள். 2020 ஜனவரி 5ஆம் தேதி முகமூடி போட்ட கும்பல் அந்த விடுதிகளுக்குள் புகுந்து அடித்தபோது, இரண்டு பேரும் படிப்பை முடித்து வெளியே வந்திருந்தார்கள். அந்த ராத்திரி முதலில் போன் போட்டது அந்தப் பெண்தான்.

மகள் இப்போது ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறாள்.

மாணவச் செல்வங்களே, இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 மே 22ஆம் தேதி அமெரிக்க அரசு, ஹார்வர்ட் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. மறுநாளே நீதிமன்றம் தற்காலிகத் தடை கொடுத்தது. என் நண்பர் ஒருவருடைய பேரனுக்கு அந்த நாட்டில் வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. "இங்கேயும் இப்படி ஆனால்?" என்று என்னிடம் கேட்டார். நான் பேரேட்டைத்தான் எடுத்துக் காட்டினேன்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். முதலில், செய்தி வேறு, செய்தியின் ஆயுள் வேறு. தில்லிச் செய்தி சில வாரத்தில் அடங்கியது. அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவே 2019 ஜனவரி ஆயிற்று. அந்தத் தேசத் துரோகப் பிரிவையே 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. இரண்டாவது, "அங்கே என்ன கோஷம் போடுகிறார்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் துறையில் ஆசிரியர்கள் இருக்கிறார்களா, காலியிடங்களை நிரப்புகிறார்களா, அடுத்த படிப்புக்கு எத்தனை இடம், நூலகம் எப்படி, உதவித்தொகை நேரத்துக்கு வருகிறதா, வெளிநாடென்றால் விசா விதி என்ன என்று கேளுங்கள். அங்கே இப்போது படிக்கிற இரண்டு பேரிடமாவது பேசுங்கள். இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருக்க வேண்டாம். மூன்றாவது, கைவசம் இன்னொரு இடம் இருக்கட்டும். அது இருந்ததால்தான் நாங்கள் பதற்றப்படாமல் யோசித்தோம். அந்த இடத்துக்குப் போயிருந்தாலும் அவள் கெட்டுப் போயிருக்க மாட்டாள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. உங்கள் பேரேட்டிலும் கோடு போட்டு எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளையிடம் கொடுங்கள். எந்த வரி ஊருக்காக எழுதியது என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். வெளியூர் விண்ணப்பம் போடுகிற மாணவர்கள் யாரும் சங்க அலுவலகத்தில் கேட்டால் என் விலாசம் தருவார்கள். தாராளமாக வீட்டுக்கு வரலாம். பேரேடு இருக்கிறது. சுபேதாரும் எதிர்வீட்டில்தான் இருக்கிறார், அவரையும் கூப்பிடுகிறேன். அவர் வேண்டாம் என்பார், நான் போகலாம் என்பேன். இரண்டையும் கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.