42 பெரிதா, 11 பெரிதா? ரத்த யூரியாவும் நம் சிறுநீரகமும்

(கிராஞ்சி வட்டாரத்தில் உள்ள தங்கும் விடுதி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிநாட்டு ஊழியர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நாள் இது. தேக்காவுக்குப் போய், நண்பர்களைப் பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் மொழி படித்தவள். மருத்துவர் சொல்வதை உங்களுக்கும், நீங்கள் சொல்வதை மருத்துவருக்கும் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். ரத்தப் பரிசோதனை முடிவைப் படிக்கும்போது நம்மவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஓர் அண்ணனின் இரண்டு அறிக்கைகள்

கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், கையில் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று ஊரில் எடுத்தது, மற்றொன்று இங்கே எடுத்தது. "ஊர்ல யூரியா 42 இருந்துச்சு அக்கா. இங்க 11தான். நல்லா குறைஞ்சிருச்சு. இனிமே டாக்டரைப் பார்க்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

உண்மையில் குறையவில்லை, கூடியிருந்தது. ஊரில் ரத்த யூரியாவை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று கணக்கிடுகிறார்கள். கிலோவும் பவுண்டும் போல, அளவுகோல்தான் வேறு. ஊர் எண்ணை 6ஆல் வகுத்தால் இங்குள்ள எண் கிடைக்கும். அந்த அண்ணனின் 42, இங்கே 7. ஆக, 7ஆக இருந்தது 11ஆக ஏறியிருக்கிறது. ஊர்க் கணக்கில் சொன்னால் 42, 66 ஆகியிருக்கிறது.

பெரியவர்களுக்கு இது ஏறத்தாழ 2.5 முதல் 7.5 வரை இருக்கலாம். ஊர்க் கணக்கில் 15 முதல் 45 வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். சில ஊர் அறிக்கைகளில் 'பியுஎன்', அதாவது யூரியா நைட்ரஜன் என்று இருக்கும். அந்த எண்ணை 2.8ஆல் வகுக்க வேண்டும். கிரியேட்டினினுக்கு, ஊர் எண்ணை 88ஆல் பெருக்க வேண்டும். ஊரில் 1.2 என்றால் இங்கே ஏறத்தாழ 106. அதைப் பார்த்து "1 எங்கே, 106 எங்கே" என்று பயந்துவிடாதீர்கள்.

யூரியா என்பது என்ன?

யூரியா என்றதும் வயலுக்குப் போடும் உரம் நினைவுக்கு வரும். பொருள் ஒன்றுதான். ஆனால் நம் ரத்தத்தில் இருப்பது வயலிலிருந்து வந்தது அன்று. நம் உடலே உண்டாக்குவது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உள்ள புரதத்தை உடல் பயன்படுத்தியபின் கழிவு மிஞ்சுகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து வடித்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

இங்கே கிராஞ்சியில் 2003இல் திறக்கப்பட்ட புதுநீர் ஆலை இருக்கிறது. பயன்படுத்திய நீரை மிக நுண்ணிய சவ்வுகள் வழியாகச் செலுத்திச் சுத்தமாக்குகிறார்கள். நம் ஒவ்வொருவர் முதுகுப் பக்கத்திலும், கைமுட்டி அளவில் அப்படிப்பட்ட இரண்டு ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, பெரும்பகுதியை உடலுக்கே திருப்பித் தந்துவிட்டு, ஒன்று இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன.

"உப்பு கூடிருச்சு" என்ற சொல்

ஊரில் யூரியா, கிரியேட்டினின், யூரிக் அமிலம் எல்லாவற்றையும் பொதுவாக "உப்பு" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் சிலர் சாப்பாட்டில் உப்பை மட்டும் நிறுத்திவிட்டு, சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். உப்பைக் குறைப்பது நல்லதுதான். உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும், உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் யூரியா சமையல் உப்பு அன்று. யூரிக் அமிலமும் வேறு. மூட்டு வீங்கி வலிக்கும் கௌட் நோய்க்குக் காரணமானது அது. மருத்துவரிடம் பேசும்போது "உப்பு" என்று சொல்லாமல், அறிக்கையில் உள்ள பெயரைச் சொல்லுங்கள்.

யூரியா கூடினால் சிறுநீரகம் போய்விட்டதா?

இல்லை. யூரியா கூடுவது ஓர் அறிகுறி. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். போதிய தண்ணீர் குடிக்காதது, வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுக்குள் ரத்தக் கசிவு, சில மருந்துகள், சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பது, சிறுநீரக நோய் என்று பல காரணங்கள் உண்டு. அதனால்தான் மருத்துவர் யூரியாவை மட்டும் பார்ப்பதில்லை. தசையிலிருந்து வரும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தையும் கணக்கிடுகிறார். அந்த எண் மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழ் இருந்தால், அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

அந்த அண்ணனிடம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" அவர் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கழிப்பறை கீழே இருக்கு. ஏறி இறங்க நேரம் ஆகும்னு குடிக்கிறதில்லை." இரண்டாவது கேள்வி: "வலி மாத்திரை?" முதுகு வலிக்காகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். ஐபுபுரோஃபென், டைகுளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது அந்தப் பாதிப்பு இன்னும் அதிகம்.

மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சோதித்தார். யூரியா 6.5க்கு இறங்கியிருந்தது. ஆனால் ரத்த அழுத்தம் அதிகம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இப்போது அதற்கு மாத்திரை எடுக்கிறார், வேலைக்கும் போகிறார்.

வெயிலும் சிறுநீரகமும்

எல் சால்வடோர், நிக்கராகுவா நாடுகளில் கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் பலர் இளம் வயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்திருக்கிறார்கள். பலருக்குச் சர்க்கரை நோயும் இல்லை. கடும் வெயிலில் ஓய்வின்றி உழைத்ததும், நாள்தோறும் உடலில் நீர் வற்றியதும் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இங்கே மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெப்ப உளைச்சலுக்கான விதிமுறைகளைக் கடுமையாக்கியது. மணிக்கு ஒரு முறையாவது தண்ணீர் குடிக்க வேண்டும். 300 மில்லிலிட்டர், அதாவது சிறிய போத்தல் அளவு. வெப்பக் குறியீடு 32 பாகையைத் தொட்டால், கடின வேலை செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். எனவே தண்ணீர் குடிக்க நிற்பது சோம்பல் இல்லை; அது விதி.

வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்

சிறுநீரக நோய் ஆரம்பத்தில் வலிக்காது. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், அரிப்பு, குமட்டல், தீராத களைப்பு எல்லாம் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் காரணம் நீரிழிவு. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும்.

"அறிக்கை வெளியே தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ?" என்ற பயம் உங்களில் பலருக்கு இருப்பது எனக்குத் தெரியும். வாங்கிய கடன் அடையவில்லை, தங்கை கல்யாணம் நிற்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் போதும். முற்றிய பிறகு என்றால், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. மறைத்துவைத்த தாள் நோயைக் குறைக்காது.

நான்கு வேலைகள் செய்யுங்கள்

1. ஊர் அறிக்கையையும் இங்குள்ள அறிக்கையையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணைப் பார்க்குமுன் அளவுகோலைப் பாருங்கள்.

2. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும்படி தண்ணீர் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

3. நண்பர் தந்த வலி மாத்திரையையும், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மருந்தையும் சாப்பிடாதீர்கள். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

4. 2022 ஏப்ரலில் தொடங்கிய ஊழியர் ஆரம்பப் பராமரிப்புத் திட்டத்தில் நீங்கள் இருந்தால், அதன் மருந்தகத்துக்குப் போங்கள். புரியாவிட்டால் "தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

அறிக்கை கையில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எந்த அளவுகோல் என்று சேர்ந்து பார்ப்போம். மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.