ரேகை விழவில்லை



போன மாதம் என் பெரியம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். பன்னிரண்டு வயதில் பீடித் தட்டை மடியில் வாங்கினார். கண் மங்கும்வரை இறக்கி வைக்கவில்லை. இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து உருட்டி, வாயை மடக்கி, நூல் சுற்றி, நாள் முழுக்க அதே இரண்டு மூன்று விரல்கள்தான் வேலை செய்யும். அந்த விரல் நுனியை நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. ஆதாரில் பதிந்த ரேகையைச் சரிபார்க்கும் மெஷினைப் பெரியம்மா பக்கம் திருப்பி வைத்தார். பெரியம்மா வலது கட்டைவிரலை வைத்தார். விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். விழவில்லை. இடது கை, ஆள்காட்டி விரல், ஒன்றும் விழவில்லை. “தலையில கையைத் தேய்ச்சிட்டு வைங்க ஆச்சி, எண்ணெய்ப் பசை பட்டா விழும்” என்றார் அந்தத் தம்பி. அதையும் செய்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “ஏலே, நான்தான்னு அவனுக்குத் தெரியும்லா? மிசினுக்குத் தெரியலன்னா நான் இல்லன்னு ஆயிருமா?”

அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த வாசகர் வட்டத்தில் வந்து நிற்கிறேன்.

பத்து விரல் ரேகையை அரசு கேட்பதும் அதை எதிர்த்து மக்கள் எழுந்து நிற்பதும் நமக்குப் புதிதல்ல. 1906-இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஒரு சட்ட முன்வரைவு வந்தது. எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொரு இந்தியரும், ஆணும் பெண்ணும், அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்து, பத்து விரலையும் மையில் தோய்த்து அழுத்திக் கொடுக்க வேண்டும். கொடுக்கிற சான்றிதழை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். தெருவில் போலீஸ்காரர் கேட்டாலும் காட்ட வேண்டும். வீட்டுக்குள் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். இல்லையென்றால் அபராதம், சிறை, நாடு கடத்தல். மக்கள் அதற்கு வைத்த பெயர் கறுப்புச் சட்டம். அதை எதிர்த்து நின்ற காந்தி, எட்வர்ட் ஹென்றி எழுதிய கைரேகை நூலைத் தேடிப் படித்தார். சட்டப்படி ரேகை எடுப்பது குற்றவாளிகளிடம்தான் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார். அந்த ஹென்றி வங்காளத்தில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. நம் மக்களின் விரல்களில்தான் இந்த வித்தை பழகப்பட்டது.

1908 ஜனவரியில் டிரான்ஸ்வால் அரசின் ஜெனரல் ஸ்மட்ஸோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாங்களாகவே விரும்பிப் பதிவு செய்துகொள்வார்கள், சட்டம் திரும்பப் பெறப்படும் என்பதுதான் காந்தி அதிலிருந்து புரிந்துகொண்டது. பிப்ரவரி 10-ஆம் தேதி முதல் ஆளாகப் பதியப் புறப்பட்டார். வழியில் மீர் ஆலம் என்ற பதான், துரோகம் செய்துவிட்டாய் என்று கம்பால் அடித்து வீழ்த்தினார். உடன் போன தம்பி நாயுடு, டிரான்ஸ்வால் தமிழர்களின் தலைவர், குறுக்கே பாய்ந்து அடி வாங்கினார். காந்தி என்ன செய்தார் தெரியுமா? வாயும் முகமும் வீங்கிப் படுத்திருந்த நிலையில், பதிவு அதிகாரியைக் கட்டிலுக்கே தாளும் மையும் கொண்டு வரச் சொல்லிப் பத்து விரலையும் பதித்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் போயிற்று. சட்டம் அப்படியே இருந்தது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் மூன்று கால் வைத்த பெரிய இரும்புக் கொப்பரை ஒன்றை வைத்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களை அதில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அதே மீர் ஆலம் மேடைக்கு வந்து, தன் பழைய சான்றிதழைக் காந்தி கையில் கொடுத்தார், எரிப்பதற்கு.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். பிப்ரவரியில் எந்தத் தாளுக்காக ஒரு மனிதன் ரத்தம் சிந்தினானோ, அந்தத் தாளையே ஆகஸ்டில் தீயில் போட்டான். விரல் அதே விரல், மை அதே மை. மாறியது ஒன்றுதான்: விருப்பம் என்று சொல்லி வாங்கியது கட்டாயமாகவே நின்றுவிட்டது. அந்தப் போராட்டத்தில் சிறை போய், நடுங்கும் குளிரில் சாலை வேலை செய்து, நுரையீரல் காய்ச்சலோடு வெளியே வந்து 1909 ஜூலையில் செத்துப்போன நாகப்பனுக்குப் பதினெட்டு வயது. நாடு கடத்தப்பட்டு, கரையிறங்கவும் விடாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு 1910-இல் இறந்தவர் நாராயணசாமி. தமிழர்கள் இவர்கள். 1915-இல் சென்னைக்கு வந்த காந்தி, பாராட்டை எனக்குச் சொல்லாதீர்கள், இவர்களுக்குச் சொல்லுங்கள் என்ற பொருளில்தான் பேசினார். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாகப்பனைத் தெரியும்?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 2009-இல் ஆதார் எண்ணைத் தரும் ஆணையம் அமைந்தது. 2010 செப்டம்பர் 29-இல் மகாராஷ்டிரத்தின் டெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. பதிவுப் படிவத்தில் என்ன எழுதியிருந்தது? இலவசம், விருப்பத்தின் பேரில். நானும் அதை நம்பித்தான் வரிசையில் நின்றேன். அதற்கென்று தனிச் சட்டம் வந்ததோ 2016-இல். அதுவும் பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை ஏற்கவில்லை. ஆதார் இல்லை என்பதால் யாரும் அவதிப்படக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனாலும் கேஸ் மானியம், சம்பளக் கணக்கு, சிம் கார்டு, பிள்ளையின் உதவித்தொகை என்று ஒவ்வொரு கதவிலும் அதையே கேட்டார்கள். விருப்பம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். அது இல்லாமல் வாழ முடியாது என்று ஆக்கிவிட்டார்கள்.

நான் ஆதார் அட்டைக்கு எதிரி இல்லை. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவன், எந்தக் காகிதமும் இல்லாதவன், முதன்முதலாகத் தன் படம் போட்ட ஒரு சான்றை வாங்கியபோது அவன் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். செத்தவர் பெயரில் அரிசி போவதைத் தடுக்க வேண்டாம் என்று யார் சொல்வார்? திருட்டைத் தடுக்கட்டும். ஆனால் திருடனைப் பிடிக்க வைத்த வலையில் என் பெரியம்மா ஏன் சிக்க வேண்டும்? ஆணையத்தின் தலைமை அதிகாரி 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படியே, அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு நூற்றுக்கு 88 முறைதான் வெற்றி பெற்றது. மீதிப் பன்னிரண்டில் யார் இருப்பார்கள்? கல் உடைத்த கை, உப்பளத்துக் கை, செங்கல் அறுத்த கை, பீடி சுற்றிய கை. உழைத்துத் தேய்ந்த கையைத்தான் அந்தக் கண்ணாடி தள்ளிவிடுகிறது.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ரேஷன் அட்டையை ஆதாரோடு இணைக்காததால் அந்த வீட்டுக்கு அரிசி நிறுத்தப்பட்டது, பிள்ளை பசியில் போய்விட்டாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. எது காரணமோ, அந்த வீட்டு அடுப்புக்கு அரிசி வரவில்லை.

நீதிமன்றத்தில் ஆதாரை எதிர்த்துப் போராடியவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் 86 வயதில் வழக்குப் போட்டார். அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமையே அல்ல என்று அரசு வழக்கறிஞர் வாதாடினார். 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு ஐவர் அமர்வில் நால்வர் ஆதாரை ஏற்றார்கள். வங்கிக் கணக்குக்கும் செல்போனுக்கும் கட்டாயம் இல்லை என்றார்கள். மாறுபட்ட தீர்ப்புத் தந்த நீதிபதி சந்திரசூட், பண மசோதாவாகக் கொண்டு வந்ததே அரசியல் சாசனத்துக்குச் செய்த மோசடி என்று எழுதினார். நான் அவர் பக்கம்.

அரிசி மட்டும் அல்ல விஷயம். வாங்கிய மாத்திரை, படித்த பள்ளி, வங்கியில் உள்ள பணம், பேசிய போன் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கோத்துவிட்டால், கயிற்றின் நுனி யார் கையில் இருக்கிறதோ அவர் நம்மை இழுக்கலாம். அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் பிறந்த ஊரும் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதை, கொழும்புச் சோதனைச் சாவடிகளில் நின்ற இலங்கைத் தமிழரைக் கேளுங்கள். தகவல் பாதுகாப்புக்கு 2023-இல் ஒரு சட்டம் வந்தது. தன் அமைப்புகளுக்கே அதிலிருந்து விலக்குக் கொடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு அதில் இடம் இருக்கிறது. என் வீட்டுக்குப் பூட்டு போட்டுவிட்டு, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்வதை எப்படி ஒப்புக்கொள்வது?

ஆகவே இந்த அவையில் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். ரேகை விழவில்லை என்றால், கடைக்காரர் ஆளைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, அன்றே அரிசியைக் கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் ஏன் என்று எழுத்தில் காரணம் தர வேண்டும். இதைத் தமிழில், வயதானவர் கண்ணுக்குத் தெரிகிற பெரிய எழுத்தில், ஒவ்வொரு கடை வாசலிலும் எழுதி வைக்க வேண்டும். தாள் அவைத் தலைவர் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துச் சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்துப் போடுங்கள்.

பெரியம்மாவுக்கு அன்று அரிசி கிடைக்கவில்லை. மறுநாளும் போனோம், விழவில்லை. மூன்றாம் நாள் இடது கை மோதிர விரலில் விழுந்தது. வரும் வழியெல்லாம் அந்த விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அடுத்த மாதத்துக்கும் அது தேய்ந்துவிடாமல் இருக்க வேண்டுமாம். பாத்திரம் துலக்கும்போதுகூட அந்த விரலை மடக்கியே வைத்திருக்கிறார்.