முன்கதை ஒரு டெபாசிட்

(கோடை முகாம் நிறைவு நாளில் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான்கு ஞாயிற்றுக்கிழமையும் இந்தக் கூடத்திலிருந்து வந்த கூச்சலைப் பொறுத்துக்கொண்ட முதல் மாடிக்காரர்களுக்கு என் முதல் நன்றி. உள்ளே சூதாட்டமா என்று செயலாளர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். பகடை உருண்டது உண்மைதான். பணம் வைக்கவில்லை.

நடந்தது ரோல்பிளேயிங் கேம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. ஒவ்வொரு பிள்ளையும் கதையில் ஒரு ஆளாக இருப்பான். "நான் படகை எடுக்கிறேன்" என்று சொல்வான். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் பகடை போடுவோம். இதையெல்லாம் நடத்துபவர் கேம் மாஸ்டர். என் பேரன் சொல்லிக்கொடுத்து நான் அந்த வேலையைச் செய்தேன்.

நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. தெருக்கூத்தில் வேஷம் உள்ளே வந்ததும் கட்டியக்காரன் "நீ யார், எந்த ஊர்?" என்று கேட்பான். வேஷம் தன் கதையைச் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டுதான் கட்டியக்காரன் கேள்வி, கேலி எல்லாம் செய்வான். அந்த "நீ யார்" என்பதற்குப் பிள்ளைகள் முன்கூட்டியே ஒரு தாளில் பதில் எழுதித் தருவார்கள். அதுதான் முன்கதை. இன்று பேச வந்தது அந்தத் தாளைப் பற்றி.

கதை நடக்கும் இடம் பழவேற்காடு. நான் பொன்னேரிப் பக்கம் வேலை பார்த்தபோது மீனவக் குப்பங்களிலிருந்து நிறையப் பேர் கவுண்டருக்கு வருவார்கள். அந்தப் பழக்கத்தில் தேர்ந்தெடுத்தேன். பிள்ளைகள் கோட்டை வேண்டும் என்றார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை அங்கே இடிந்து கிடக்கிறது. பேய் வேண்டும் என்றார்கள். டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் முதல் ஞாயிறு தோல்வி. ஆறு பேரின் முன்கதையையும் வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, நான் யோசித்து வைத்த புதையல் கதையையே ஓட்டினேன். முடிந்ததும் சி பிளாக் பெண் கேட்டாள்: "தாத்தா, நான் ரெண்டு பக்கம் எழுதினேனே, அது எங்க?" எனக்குப் பதில் இல்லை. கவுண்டரில் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு பாஸ்புக்கில் பதியாமல் அனுப்பினால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்திருந்தேன்.

இரண்டாவது ஞாயிறு அதைவிட மோசம். ஒரு பையன் எழுதியிருந்தது இரண்டே வரி: 'என் அப்பா மீன் பிடிக்கப் போனார். இன்னும் வரவில்லை.' நான் அதை விறுவிறுப்பாக்க நினைத்து, முகத்துவாரத்தில் உடைந்த படகு ஒன்று ஒதுங்கியதாகவும், அதில் அவன் அப்பா பெயர் இருந்ததாகவும் சொன்னேன். பையன் பகடையை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். அந்த வாரம் சில நாட்களாக போன் வரவில்லை. (பிறகு வந்துவிட்டது. அவன் அம்மாவிடமும் அவனிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன்.) நான் மன்னிப்புக் கேட்டேன். "கதை எப்படிப் போகணும்னு நீ நினைக்கிற?" என்றேன். அவன் சொன்னான்: "அப்பா உடனே வரணும்னு இல்ல தாத்தா. எங்க இருக்காருன்னு தெரிஞ்சா போதும்."

அதன் பிறகுதான் ஃபைலைத் திறந்து ஆறு தாளையும் ஒன்றாகப் பரப்பி வைத்துப் படித்தேன். ஒருத்தியின் மாமா ஐஸ் லாரி ஓட்டுகிறார். இன்னொருவனின் தாத்தா, ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்காகத் தீவிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். மூன்றாமவள் இறால் ஏலம் எடுப்பவரின் மகள். இவர்களை ஒரே கயிற்றில் கட்ட எனக்கு உதவியது அந்த ஊரின் பாடு முறை.

பாடு என்றால் என்ன? இறால் நன்றாக விழும் இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் சண்டை. அதனால் பாட்டு உரிமையுள்ள குப்பங்களில் சீட்டுக் குலுக்கி, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை நகர்ந்துவிட வேண்டும். பங்கு தலைக்கட்டுக் கணக்கில் வரும். திருமணமான ஆண்தான் தலைக்கட்டு.

இப்போது கதைக்குள் ஒரு நிஜமான கேள்வி வந்தது. அப்பா ஊரில் இல்லை. அவருடைய பாட்டு நாளில் வலை போடுவது யார்? ஆறு பிள்ளைகளும் ஊர்ப் பஞ்சாயத்தாக உட்கார்ந்து அரை மணி நேரம் வாதாடினார்கள். அந்தக் கூச்சல்தான் முதல் மாடிக்குக் கேட்டது. "பொண்ணு பேர்ல ஏன் பாடு இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை, பஞ்சாயத்திடமே விட்டேன். நடுவில் ஐஸ் லாரி மாமா சேதி கொண்டுவந்தார். இன்ஜின் பழுதான படகு நெல்லூர்ப் பக்கம் கரை சேர்ந்திருக்கிறது, ஆள் பத்திரம். போய்ப் பார்ப்பதா, பாட்டு நாளைக் காப்பாற்றுவதா? பையன் லாரியில் ஏறினான். அவன் முறையில் மற்ற ஐந்து பேரும் வலை போட்டுப் பங்கை அவன் அம்மாவிடம் கொடுப்பது என்று முடிவானது. பகடையில் 17 விழுந்தது. நல்ல இறால்.

அடுத்த விடுமுறையில் வேறு யாராவது நடத்த முன்வந்தால், நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கம் எழுதச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி போதும்: உனக்கு யார் முக்கியம், என்ன வேண்டும், எதற்குப் பயம்? ஒருவன் முன்கதையில் வரும் ஆளை இன்னொருத்தியின் சிக்கலுக்கு உதவ அனுப்புங்கள். பிள்ளைகள் தானாக ஒருவரை ஒருவர் கவனிப்பார்கள். எழுதியவன் தாளில் விட்ட இடத்தை நீங்களாக நிரப்பாதீர்கள். குறிப்பாகச் சாவு, பிரிவு விஷயங்களில் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடைசியாக, பாடு மாதிரி முறை வையுங்கள். சத்தமாகப் பேசும் பிள்ளைக்கே எல்லா நாளும் நல்ல இடம் போய்விடக் கூடாது.

வங்கியில் டெபாசிட் நம் பணமல்ல. பத்திரமாக வைத்து, வட்டியோடு திருப்பித் தர வேண்டும். சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் எழுதித் தரும் இரண்டு வரியும் அப்படித்தான். இத்தனை வருடம் கவுண்டரில் உட்கார்ந்த எனக்கு அதை ஒரு பையன் பகடையைக் கீழே வைத்துச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

காலாண்டு விடுமுறையில் மறுபடி ஆடுவோம். பெற்றோரும் வரலாம். ஒரே நிபந்தனை, மூன்று கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு வரவேண்டும்.