கோழி செத்ததைச் செவிலியரிடம் சொல்லுங்கள்
(சிதம்பரம் பகுதி உழவர்களிடையே ஆற்றிய உரை)



தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயல்களில் மேய்ச்சல் வாத்துகள் இறங்குகின்றன. வீராணம் ஏரியிலும் பிச்சாவரத்திலும் வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் காலமும் அதுவே. நீர்ப்பறவைகள் பறவைக் காய்ச்சல் நச்சுயிரியை உடலில் சுமந்தும், நோய் தெரியாமல் திரியக்கூடும். ஆகவே கடலூர் மாவட்டத்தில் கோழி, வாத்து வளர்ப்போர் இந்நோயை அறிந்திருப்பது அவசியம்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. 2014இல் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளைத் தாக்கியது. மனிதருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் உயிருக்கே ஆபத்து. 2021இல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025இல் ஆந்திரத்தில் ஒரு பெண் குழந்தையும் இதனால் இறந்தனர்.

மருத்துவமனைக்கு ஏன் இந்தக் கவலை?

1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். பின்னர் மருத்துவமனைப் பணியாளர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். நோயாளிகளுடன் பழகிய 217 பேரில் 8 பேருக்கும், பழகாத 309 பேரில் 2 பேருக்கும் நச்சுயிரிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்தது. சிகிச்சை அளிப்பவருக்கும் இது தொற்றக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று.

எனவே சந்தேகம் தோன்றியவுடன் மருத்துவரும் செவிலியரும் நோயாளியைத் தனி அறையில் வைக்க வேண்டும். என்-95 முகக்கவசம், கண் கவசம், கையுறை, மேலங்கி அணிய வேண்டும். தொண்டைச் சளியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஓசல்டாமிவிர் மருந்தைத் தொடங்க வேண்டும். காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்திற்குள் கொடுத்தால் பலன் அதிகம்.

ஆனால் சந்தேகம் எப்படி வரும்? காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சுத் திணறல் ஆகியவை பல நோய்களுக்கும் பொதுவானவை. நோயாளியின் வீட்டில் கோழி செத்ததா என்பது அவர் முகத்தில் எழுதியிருப்பதில்லை. செவிலியர் அதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லே உங்களையும் அவரையும் காக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கோழி, வாத்துகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தாலோ, தலை வீங்கிக் கொண்டை நீலம் பாரித்தாலோ, வெள்ளைக் கழிச்சல் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள்.

2. செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள், அறுக்கவோ விற்கவோ வேண்டாம். குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

3. நோயுற்ற பறவைகளைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, பத்து நாள் உடல்நிலையைக் கவனித்து வாருங்கள். காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, பறவைகள் செத்ததை முதலில் சொல்லுங்கள்.

பட்டியையே அழித்துவிடுவார்களே என்று அஞ்சி மறைப்போர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் நோய்த் தடுப்புக்காக அழிக்கப்படும் பறவைகளுக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. போன உயிருக்கு ஈடு எதுவும் இல்லை.

இறைச்சியும் முட்டையும் நன்கு வேக வைத்து உண்டால் அச்சமில்லை. 70 பாகை வெப்பம் உள்ளே வரை பரவினால் நச்சுயிரி அழிந்துவிடும்.

கோழி செத்தால் கால்நடை மருத்துவரிடமும், காய்ச்சல் கண்டால் செவிலியரிடமும் மறைக்காமல் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.