பிணியாளரும் பேசுதல் வேண்டும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, சிக்கனம், விவாகச் செலவு முதலிய பொருள்களைப் பற்றி இம்மன்றத்தில் அறிஞர் பலர் பலகாற் பேசியுள்ளனர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. வைத்தியசாலையில் பிணியாளரும் அவர்தம் சுற்றத்தாரும் வாய் திறந்து பேசுதல் வேண்டும் என்பதே அது. தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வினவ அஞ்சியமையால் விளைந்த துன்பமொன்று நம் இல்லத்திலேயே நிகழ்ந்தது; ஆதலின் பேசத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையார் காய்ச்சலுற்று ஒரு வைத்தியசாலையிற் சேர்க்கப்பெற்றார். பெனிசிலின் ஊசி அவர் உடம்புக்கு ஒவ்வாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். அங்கே ஒருவரும் அதனை வினவவில்லை. “இவ்வளவு படித்த டாக்டருக்கு நாம் சொல்வதா?” என்று நாணி நாமும் வாளா இருந்தோம். ஊசி போட்ட சிறிது நேரத்தில் மேனி தடித்தது; மூச்சுத் திணறியது. அருகிருந்த நர்ஸ் அம்மையார் ஒருவர் விரைந்து செய்த உதவியால் உயிர் பிழைத்தார். இல்லம் திரும்பிய பின் அன்னையார் எம்மை நோக்கி, “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையெல்லாம் கேள், கேள் என்கிறாயே, அங்கே நீ ஏனப்பா வாய் திறக்கவில்லை?” என்றார். நமக்கு விடை தோன்றவில்லை.

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில், மருத்துவம் என்பது பிணியுற்றோன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என்னும் நான்கனையும் உடையது என்றார் வள்ளுவர். அந்நான்கனுள் பிணியுற்றோனே முதலில் நிற்றல் காண்க. பிணியாளனுக்கு வேண்டுவன இவை என வகுத்த பரிமேலழகர், மருத்துவன் சொல்வழி நிற்றலோடு நோயின் நிலையை அவனுக்கு உணர்த்துதலையும் சேர்த்து எண்ணினார். நாமோ முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதைக் கைவிட்டோம். அடக்கம் வேறு, வாய்மூடல் வேறு என்பதை மறந்தோம்.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலை உலகப் புகழ் வாய்ந்தது. 2001-ஆம் ஆண்டில், வெந்நீர் பட்டுப் புண்ணுற்ற ஜோசி கிங் என்னும் 18 மாதக் குழந்தை அங்கே சேர்க்கப்பெற்றது. புண் ஆறிவந்த காலத்துக் குழந்தை நீர்வேட்கையால் ஈரத்துணியைச் சப்புதலைத் தாய் கண்டு கவன்று கூறினார். நாடி முதலியன செம்மையாகவே உள்ளன என்று விடை வந்தது. குழந்தை இறந்தது. கருவிகள் காட்டாததைத் தாயின் கண் கண்டது. அக்கண்ணுக்கு மதிப்பில்லாமற் போயிற்று.

அத்தாய் பழிதூற்றுதலோடு நின்றாரல்லர். நட்டஈடாகப் பெற்ற பொருளின் ஒரு பகுதியை ஈந்து, அவ்வைத்தியசாலையோடே கூடிப் பிணியாளர் பாதுகாப்புக்கு உழைத்தார். அவர் தூண்டுதலால் 2005-இல் பிட்ஸ்பர்க் நகரத்து வைத்தியசாலை ஒன்றில், சுற்றத்தாரே தொலைபேசி வழியாக அவசர மருத்துவக் குழுவை அழைக்கும் முறை ஏற்பட்டது.

இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்னும் 13 வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து வீழ்ந்த காயத்தின்பின் இரத்தத்தில் நச்சேறி இறந்தாள். பெற்றோர் பன்முறை எச்சரித்தும் பயனில்லை. உரிய காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருப்பின் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று விசாரணை அதிகாரி முடிவு கூறினார். பெற்றோர் இடைவிடாது முயன்றதன் பயனாக, வேறொரு மருத்துவக் குழுவின் மறுபார்வையைக் கேட்கும் உரிமை ‘மார்த்தா விதி’ என்னும் பெயரால் 2024 முதல் அந்நாட்டு வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வரலாயிற்று.

நம் நாட்டில் 1995-இல் உச்சநீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே எனத் தீர்ப்பளித்தது. நன்றே. ஆயினும் வழக்கு, தீங்கு நேர்ந்த பின் வருவது. காலத்தாற் சொல்லிய சொல்லோ தீங்கு வாராமற் காப்பது.

வைத்தியரைப் பகைக்குமாறு நாம் கூறுகின்றோம் அல்லோம். அவர்மீது கை ஓங்குவோர் நம் மரபிற்கே இழுக்குத் தேடுவோராவர். இரவு பகலாகப் பலரைக் காணும் வைத்தியர் சோர்தலும் இயல்பே. அச்சோர்வைப் பணிவான வினா ஒன்று தாங்கும். ஆதலின் இல்லந்தோறும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். உண்ணும் மருந்துகள், அவற்றின் அளவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை அதில் எழுதுக. வினவாவிடினும் காட்டுக. இம்மருந்து எதற்கு என்று கேட்க. நோய் பெருகுவதாகத் தோன்றின், “மறுபடி ஒருமுறை பாருங்கள், ஐயா” என்று அஞ்சாது சொல்க. செவிசாயாவிடின் மேலுள்ளாரிடம் செல்க.

எழுத்தறியாதாரும் துணையற்றாரும் என் செய்வர்? அவர்க்கு உடன் சென்று பேச, நம் சங்க இளைஞர் சிலர் முன்வருதல் வேண்டும். நம்மவர், பிறர் என்னும் வேற்றுமை அப்பணியில் வேண்டா. நாம் அன்று வாய்மூடி நின்றவாறு இனி ஒருவரும் நில்லாமை வேண்டும் என்பதே நம் விண்ணப்பம். இளைஞர்களே, இக்கூட்டம் கலையுமுன் நும் பெயர்களைக் காரியதரிசியாரிடம் தருக!