நோவுக்குச் சாட்சி யார்?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காய்ச்சலுக்குச் சாட்சி வெப்பமானி. எலும்பு முறிவுக்குச் சாட்சி எக்ஸ்கதிர்ப் படம். மாதக் கணக்காய் வருத்தும் நாரி நோவுக்குச் சாட்சி யாது? பெரும்பாலோரிடத்து எந்தப் படமும் அதன் காரணத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே சாட்சி. ஆகவே, யாருடைய சொல் நம்பப்படுகின்றது என்பதே இங்கு பெருங் கேள்வியாகும்.

2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இந்நோவால் வருந்தினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. நோ எவரையும் பற்றும். அதனை அனுபவிக்கும் வகையோ எல்லோர்க்கும் ஒன்றன்று. மேசையருகே இருந்து தொழில் புரிபவர் நாலு நாள் ஓய்வெடுக்கலாம். மூட்டை சுமப்பவர் ஓய்ந்தால் அன்றைய கூலி இல்லை. நொந்த முதுகின்மேலேயே மறுநாட் சுமையும் ஏறுகின்றது.

வறுமையோடு இன பேதமுஞ் சேர்ந்தால் என்னாகும்? அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே மிசூரி மாநிலத்தில், வேலையில் முதுகு நொந்து நட்டஈடு கோரிய தொழிலாளரைப் பற்றி 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நட்டஈடு தீர்ந்து பல மாதங்கள் சென்ற பின்னும், கறுப்பினத்தவரும் வறியவருமே கூடிய நோவும் முடக்கமும் உடையவராயிருந்தனர்.

வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நாரி நோவைப் பற்றியதன்று. எனினும் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றது. வெள்ளையரான மருத்துவ மாணவரும் பயிற்சி வைத்தியருமாக 222 பேரை வினவினர். கறுப்பரின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்க் கூற்றுகளில் ஒன்றையேனும் ஏறத்தாழப் பாதிப்பேர் மெய்யென ஒப்பினர். அத்தகையோர் கறுப்பு நோயாளியின் நோவைக் குறைத்து மதித்தனர். சிகிச்சை கூறுவதிலும் கூடுதலாகப் பிழைத்தனர். அந்நாட்டில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. அதனை நியாயப்படுத்தப் புனைந்த பொய் கற்றோர் நெஞ்சிலும் இன்னும் ஒழிந்தபாடில்லை.

அன்பர்களே, இப்பொய் எந்நாட்டிலும் வேறு உருக்கொள்ள வல்லது. "வேலைக்குக் கள்ளம், வெறும் நடிப்பு" என்று ஓர் ஏழையின் நோவைத் தள்ளும்போது நாமும் அதே பிழையைச் செய்கின்றோம். உங்களுள் நாளை வைத்தியராவோர் உளர். பலரை வேலை கொள்வோரும் உளர். தீர்ப்புச் சொல்லுமுன் வருந்துபவர் சொல்வதை முற்றக் கேளுங்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை. சற்றுப் பொறுமையே வேண்டும்.