உம்மா வழிக் குடி



கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்கில் நம் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பிள்ளைக்குக் குடி, அதாவது குலம், உம்மா வழியாகத்தான் வரும். ஒரே குடிக்குள் சம்பந்தம் பேசமாட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு பிரதிநிதியாக மரைக்காயர் இருப்பது நெடுநாள் வழக்கம். அயலிலுள்ள இந்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே குடிமுறைதான்.

வீடும் பெண்ணுக்கே. மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இருந்த வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு கட்டவென்றே வாப்பாவும் காக்காமாரும் உழைத்துத் தேய்வது கொடுமைதான். ஆனாலும் தன் பெயரிலுள்ள கூரையின் கீழ் ஒரு பெண் வாழ்வது பெரிய பலம்.

இப்படியான வழக்கங்களுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. தன் கலாசாரத்தைப் பேணவும் தன் மொழியைப் பயன்படுத்தவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டென்று இலங்கையின் 1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சொல்கிறது. அதே நாட்டில்தான் 2020இல் கொவிட்டால் இறந்தவர்களின் ஜனாஸாக்களை அடக்க விடாமல் எரிக்க வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. காலம் கடந்த மன்னிப்பு அது.

நம் வழக்கங்களை நாமே அறியாமல் இருந்தால் நாளை எதைக் கேட்டு நிற்போம்? மூத்தம்மா இருக்கும்போதே உங்கள் குடிப் பெயரையும் அதன் கதையையும் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.